மிச்சப்பட்ட வெப்பம் யாருக்கு?

வெப்பம் ஓரிடத்தில் தங்குவதில்லை. சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்தை நோக்கி அது ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. திடப்பொருளில் துகளிலிருந்து துகளுக்குக் கைமாறிச் செல்வது கடத்தல். திரவத்திலும் வாயுவிலும் சூடான பகுதி மேலெழ, குளிர்ந்த பகுதி கீழிறங்க, பொருளோடு சேர்ந்தே வெப்பமும் பயணம் செய்வது சலனம். இடையில் எந்தப் பொருளும் இல்லாத வெற்றிடத்தையும் கடந்து வருவது கதிர்வீச்சு. பள்ளிப் பாடநூலில் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் இந்த மூன்று வரையறைகளுக்குப் பின்னால் பலருடைய வாழ்நாள் உழைப்பு இருக்கிறது. அவர்களுள் ஒருவர், வெப்பத்தைப் படைவீரனின் சட்டையிலும் ஏழையின் கஞ்சிக் கொப்பரையிலும் தேடினார். அவர் பெஞ்சமின் தாம்ப்சன் என்னும் ரம்ஃபோர்டு பிரபு.

கல்லூரியில் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்த நான், ஓர் இயற்பியல் அறிஞரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால், வெப்பத்தைப் பார்த்து ரம்ஃபோர்டு எழுப்பிய கேள்வி பொருளியலின் அடிப்படைக் கேள்வியேயாகும். எரித்த விறகின் வெப்பத்தில் எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு வீணாயிற்று, அந்த வீணுக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே அது. அவர் தந்த விடைகளால் அறிவியல் வளர்ந்தது. அவர் விடை காணாமல் விட்ட ஒரு கேள்வியோ பொருளியலாளரிடம் வந்து சேர்ந்தது. அது இன்றும் முடிவின்றி நிற்கிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஊபர்ன் என்ற சிற்றூரில், எளிய உழவர் குடும்பத்தில், 1753ஆம் ஆண்டு மார்ச் 26 அன்று அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். 13 வயதில் சேலம் நகரத்து வணிகர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். கடை வேலையைவிடக் கருவிகளிலும் சோதனைகளிலுமே அவர் மனம் சென்றது. வாணவெடி செய்யும் முயற்சியில் உடலெங்கும் தீக்காயம் பட்டதும் அக்காலத்தில்தான். பின்னர், நண்பர் ஒருவரோடு ஊரிலிருந்து ஹார்வர்டு வரை நடந்து சென்று, அங்கு நடைபெற்ற இயற்பியல் விரிவுரைகளைக் கேட்டு வந்தார். முறையான பட்டப்படிப்பு எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

பள்ளி ஆசிரியராக அவர் சென்ற ஊர் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள கான்கார்டு. அதன் பழைய பெயர் ரம்ஃபோர்டு. அங்கே, தம்மைவிட வயதில் மூத்த செல்வக் கைம்பெண் ஒருவரை 1772இல் மணந்தார். 19 வயதில் நிலமும் மதிப்பும் கிட்டின. ஆளுநரின் நட்பால் உள்ளூர்ப் படையில் மேஜர் பதவியும் கிடைத்தது. 1774இல் சாரா என்ற மகள் பிறந்தாள்.

அப்போது அமெரிக்கக் குடியேற்றங்களில் விடுதலைக் கனல் மூண்டிருந்தது. தாம்ப்சன் பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்றார். நின்றது மட்டுமன்றி உளவும் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத மையால் 1775இல் அவர் எழுதிய உளவுக் கடிதம், பிரிட்டிஷ் தளபதியின் ஆவணங்களுக்கிடையே 20ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டது. 1776இல் பிரிட்டிஷ் படை பாஸ்டனைவிட்டு வெளியேறியபோது அவரும் கடல் கடந்தார். மனைவியை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் தந்தையிடம் வந்து சேர்ந்தது 1796இல்தான்.

அவருடைய குணத்தில் இருந்த இந்த நிழலை மறைத்துவிட்டு அறிவியலை மட்டும் போற்றுவது நேர்மையாகாது. ஆதாயம் எங்கே என்பதைச் சட்டென்று அறியும் கூர்மை அவருக்கு இருந்தது. வீணாவது எங்கே என்று காணும் கண்ணும் அதே கூர்மையிலிருந்து வந்ததுதான் போலும்.

லண்டனில் அவர் விரைவாக உயர்ந்தார். குடியேற்ற நாடுகளின் அமைச்சரிடம் பணியாற்றித் துணைச் செயலர் நிலையை எட்டினார். வெடிமருந்து பற்றிய சோதனைகளைத் தொடங்கி, 1779இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். குண்டு வைக்காமல் வெறும் மருந்தை மட்டும் வெடித்தபோது துப்பாக்கிக் குழல் கூடுதலாகச் சூடாவதை அக்காலத்திலேயே அவர் கவனித்தார். வெப்பம் என்னும் புதிர் அங்கேயே அவரைப் பற்றிக்கொண்டது.

1784இல் பிரிட்டிஷ் மன்னரிடம் வீரப்பட்டம் பெற்று, பவேரியாவின் ஆட்சியாளர் கார்ல் தியோடோரிடம் பணி ஏற்று மியூனிக் நகரம் சென்றார். அடுத்த பத்தாண்டுகளில் அங்கே அவர் படையைச் சீரமைத்தார். இன்றும் அந்நகரின் பெருமையாக விளங்கும் ஆங்கிலப் பூங்கா உருவாக வழிவகுத்தார். அவருடைய வெப்பவியல் முதிர்ந்ததும் அங்கேதான்.

படைவீரர்களின் உடைச் செலவைக் குறைக்க வேண்டியிருந்தது. எந்தத் துணி உடலின் வெப்பத்தை நெடுநேரம் காக்கும் என்று அறிய அவர் ஒரு கருவி செய்தார். கண்ணாடிக் குமிழ் ஒன்றின் நடுவே வெப்பமானியை நிறுத்தினார். சுற்றியுள்ள இடைவெளியில் பட்டு, கம்பளி, பஞ்சு, லினன், விலங்கு ரோமம், பறவைத் தூவி என ஒவ்வொன்றாகச் சம எடையில் நிரப்பினார். கொதிநீரில் சூடாக்கி, பிறகு பனிக்கட்டிக் கலவையில் வைத்து, குறிப்பிட்ட அளவு குளிர எத்தனை நொடியாகிறது என்று எண்ணினார். முயல் ரோமமும் ஈடர் வாத்தின் தூவியும் முன்னணியில் நின்றன. லினனும் பஞ்சும் பின்தங்கின.

பட்டியலோடு அவர் நின்றுவிடவில்லை. அதே பட்டை இறுக்கி நூலாக முறுக்கி வைத்தால் வெப்பம் விரைவாக வெளியேறுவதைக் கண்டார். பொருள் ஒன்றே, எடையும் ஒன்றே. அப்படியானால் மாறியது என்ன? இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருந்த காற்றுதான். ரோமமும் தூவியும் காற்றை அசையவிடாமல் பிடித்துவைக்கின்றன. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. போர்வை நமக்குச் சூட்டைத் தருவதில்லை. நம் உடலின் சூட்டை வெளியேறாமல் தடுக்கிறது. இரட்டைக் கண்ணாடிச் சன்னலும், சூடு காக்கும் உணவுப் பெட்டியும், பனிநாட்டு வீடுகளின் சுவரில் அடைக்கப்படும் பஞ்சுப் பொதியும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்பவை. காற்று நீக்கப்பட்ட வெற்றிடத்தின் வழியாகவும் வெப்பம், மெதுவாகவேனும், சென்றுவிடுகிறது என்பதையும் அவர் சோதித்து அறிந்தார். இந்த ஆய்வுகளுக்காக 1792இல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் வழங்கியது.

திரவங்களின் வழியே வெப்பம் செல்வதை அவர் கண்டது தற்செயலாக. சாராயம் நிரம்பிய பெரிய வெப்பமானி ஒன்றைச் சூடாக்கிவிட்டுச் சன்னலருகே ஆற வைத்திருந்தார். வெயில் ஒளியில், திரவத்தில் கலந்திருந்த நுண்ணிய தூசுகள் குழாயின் நடுவே மேலேறுவதையும் ஓரமாகக் கீழிறங்குவதையும் பார்த்தார். ஆறுகின்ற திரவம் அசையாமல் ஆறுவதில்லை. அது தனக்குள்ளேயே சுழன்று ஆறுகிறது. பிறகு, நீரின் அடர்த்தியைச் சற்றே கூட்டி, அதில் அம்பர் பொடியை மிதக்கவிட்டு, அந்த ஓட்டத்தை எவரும் காணும்படி செய்தார்.

கெட்டியான அரிசிக் கூழும் வேகவைத்த ஆப்பிள் மசியலும் ஏன் நெடுநேரம் ஆறாமல் வாயைச் சுடுகின்றன என்று அவர் வியந்ததுண்டு. விடை இப்போது கிடைத்தது. ஆப்பிளில் பெரும்பகுதி நீர்தான். ஆனால் அதன் நார்கள் நீரைச் சுழலவிடாமல் தடுக்கின்றன. சுழற்சி நின்றால் வெப்பம் வெளியேறும் பெருவழியும் அடைபடுகிறது. கேழ்வரகுக் களியின் நடுப்பகுதி நெடுநேரம் கொதித்துக்கொண்டிருப்பதும், அதை ஓரத்திலிருந்து எடுத்து உண்பதும் இந்த நியதியின்படியே.

இங்கிருந்து அவர் சிந்தனை கடலுக்குச் சென்றது. துருவப் பகுதியில் குளிர்ந்த நீர் கனத்து ஆழத்தில் இறங்கி, அடித்தளம் வழியாக நிலநடுக்கோட்டை நோக்கி நகர வேண்டும்; அதற்கு ஈடாக மேற்பரப்பில் வெதுவெதுப்பான நீர் துருவத்தை நோக்கிச் செல்ல வேண்டும் என்று 1797இல் அவர் ஊகித்தார். இன்று தட்பவெப்ப மாற்றம் பற்றிப் பேசும் அறிஞர்கள் கவலையோடு கவனிக்கும் கடல் சுழற்சியின் தொடக்கக் கருத்துகளுள் இதுவும் ஒன்று. சன்னலோர வெப்பமானியின் தூசியில் பெருங்கடலின் போக்கை ஒருவர் கண்டார் என்பது வியப்புக்குரியதன்றோ?

ஆனால், அவர் ஓர் அடி கூடுதலாகவே எடுத்து வைத்துவிட்டார். திரவங்களும் வாயுக்களும் வெப்பத்தை அறவே கடத்துவதில்லை, சலனம் ஒன்றே அவற்றில் வெப்பத்தின் வழி என்று முடிவு கட்டினார். பின்வந்தோரின் சோதனைகள் அதைப் பொய்யாக்கின. நீரும் காற்றும் வெப்பத்தைக் கடத்தவே செய்கின்றன. உலோகங்களோடு ஒப்பிட மிகக் குறைவாக, அவ்வளவுதான்.

1790ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் மியூனிக் நகரில் நடந்ததுதான், பொருளியல் மாணவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்த்த நிகழ்ச்சி. அந்நகரில் இரவலர் கூட்டம் பெருகியிருந்தது. அன்று காலை அதிகாரிகளும் படைவீரர்களும் தெருக்களில் இறங்கினர். முதல் இரவலரின் தோளில் தாம்ப்சனே கைவைத்தார். சுமார் 60,000 பேர் வாழ்ந்த நகரில் சில நாள்களுக்குள் ஏறத்தாழ 2,600 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுக்கென ஓர் உழைப்பில்லம் அமைந்தது. நூல் நூற்றல், நெய்தல், படைவீரர்களுக்கு உடை தைத்தல் போன்ற வேலைகளுக்குக் கூலி தரப்பட்டது. தூய்மையான, கதகதப்பான கூடங்களும் நண்பகலில் சூடான உணவும் இருந்தன.

அந்த உணவுதான் பின்னாளில் ரம்ஃபோர்டு சூப் என்று ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றது. பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டுகள், காடி, உப்பு, நிறைய நீர் ஆகியவற்றைச் சிறு தீயில் பல மணி நேரம் கொதிக்கவைத்தது அது. உருளைக்கிழங்கை அந்நகர மக்கள் வெறுத்ததால், முதலில் அடையாளம் தெரியாதவாறு குழைத்துச் சேர்த்தார்களாம். ஆயிரம் பேருக்கு மேல் சமைக்க மிகக் குறைந்த விறகே போதும்படி அவர் அடுப்பை வடிவமைத்தார். திறந்த தீக்கு மாறாகச் செங்கல்லால் சூழப்பட்ட தீ. கொப்பரையைச் சுற்றி வளைந்து செல்லும் புகைவழி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி அடுப்பு. காற்றை அளந்து விடும் கதவு. அதுவரை சமையலறைத் தீயின் பெரும்பகுதி பாத்திரத்தை அன்றிச் சமைப்பவரையும் சுவரையும் வானத்தையுமே சூடாக்கிக்கொண்டிருந்தது.

தாம் நோயுற்றிருந்தபோது ஏழைகள் ஊர்வலமாகத் தேவாலயம் சென்று தமக்காக வேண்டிக்கொண்டதை அவரே நெகிழ்ச்சியோடு பதிவு செய்திருக்கிறார். 1790களின் தொடக்கத்தில் புனித ரோமானியப் பேரரசின் கோமகனாக உயர்த்தப்பட்டார். விட்டுவந்த மனைவியின் ஊர்ப் பெயரையே பட்டப்பெயராகச் சூடிக்கொண்டார்.

1795இல் லண்டன் திரும்பியவர், அங்கு வீடுதோறும் இருந்த கணப்பு அடுப்புகளைப் பார்த்தார். ஆழமும் அகலமுமான அடுப்பு. அதற்குமேல் ஓர் ஆளே ஏறிச் செல்லக்கூடிய புகைபோக்கி. வெப்பம் மேலே போனது. புகை அறைக்குள் வந்தது. ரம்ஃபோர்டு அடுப்பின் ஆழத்தைக் குறைத்தார். பக்கச் சுவர்களைச் சாய்த்து, தீயின் கதிர்கள் அறைக்குள் பாயும்படி செய்தார். புகைபோக்கியின் தொண்டையைக் குறுக்கினார். கொத்தனார் ஒருவர் சில செங்கற்களைக் கொண்டு முடித்துவிடக்கூடிய வேலை அது. சில ஆண்டுகளில் ரம்ஃபோர்டு அடுப்பு நாகரிகத்தின் அடையாளமாயிற்று. ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்றிலும் அது இடம் பெற்றது. இவற்றுக்குக் காப்புரிமை பெற்றுப் பொருளீட்ட அவர் முயலவில்லை என்பதை அவர் கணக்கில் வரவாகவே எழுத வேண்டும்.

அறிவியல் வரலாற்றில் அவர் பெயரை நிலைநிறுத்தியது பீரங்கிச் சோதனை. அக்காலத்தில் வெப்பம் என்பது எடையற்ற ஒரு பாய்மம் என்றும், பொருள்களின் இடுக்குகளில் அது நிரம்பியிருக்கிறது என்றும் நம்பினார்கள். அதற்குக் கலோரிக் என்று பெயர். மாபெரும் வேதியியல் அறிஞரான லவாசியே அதைத் தனிமங்களின் பட்டியலிலேயே சேர்த்திருந்தார். மியூனிக் ஆயுதச் சாலையில் பீரங்கிக் குழல் துளையிடப்படும்போது உலோகம் கடுமையாகச் சூடாவதை ரம்ஃபோர்டு பார்த்தார். உலோகம் சீவப்படுவதால் அதனுள்ளிருந்த கலோரிக் வெளிவருகிறது என்பது அன்றைய விளக்கம்.

அவர் வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியைப் பொருத்தினார். குழலைச் சுற்றி நீர்த்தொட்டி அமைத்தார். குதிரைகளைக் கொண்டு சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில், தீயே இல்லாமல், அந்த நீர் கொதித்தது. கூடியிருந்தவர்கள் திகைத்தனர். உலோகச் சீவல் மிகக் குறைவு. வெப்பமோ உராய்வு நடக்கும்வரை வற்றாமல் வந்துகொண்டே இருந்தது. வற்றாமல் வருவது ஒரு பொருளாக இருக்க முடியாது. அது இயக்கத்தின் வடிவமாகவே இருக்க வேண்டும் என்று 1798இல் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கட்டுரையில் அவர் வாதிட்டார். அக்கருத்து ஏற்கப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. 1840களில் ஜூல் இயக்கத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள விகிதத்தை அளந்து காட்டிய பிறகே கலோரிக் கொள்கை மறைந்தது.

1799இல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் உருவாவதில் அவர் முன்னின்றார். கைவினைஞர்களுக்கும் பொதுமக்களுக்கும் பயன்படும் அறிவியலைக் கற்பிப்பதே அதன் நோக்கம். ஹம்ஃப்ரி டேவியைப் பணியில் அமர்த்தியவரும் அவரே. அந்தக் கூடத்தில்தான் பின்னர் ஃபாரடே வளர்ந்தார். வெப்பம், ஒளி குறித்த ஆய்வுக்காக ராயல் சொசைட்டிக்கும் அமெரிக்காவின் கலை அறிவியல் கழகத்துக்கும் 1796இல் பெரும் நிதி அளித்துப் பதக்கங்கள் நிறுவினார். ராயல் சொசைட்டி அப்பதக்கத்தை முதன்முதலாக 1802இல் அவருக்கே வழங்கியதும் சுவையான செய்திதான். பகைவனாகப் பிரிந்துவந்த தாய்நாட்டை அவர் முற்றிலும் மறக்கவில்லை. ஹார்வர்டில் ஒரு பேராசிரியர் இருக்கைக்கும் உயில் எழுதி வைத்தார்.

வாழ்வின் கடைசிக் கட்டம் பாரிஸில் கழிந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் தலை துண்டிக்கப்பட்ட லவாசியேயின் மனைவியை 1805இல் அவர் மணந்தார். கணவரின் கலோரிக் கொள்கையைக் குலைத்தவரையே அம்மையார் மணந்தது வரலாற்றின் விந்தை. அந்த இல்லறம் கசந்து 1809இல் முறிந்தது. கரி பூசிய பாத்திரம் விரைவாக ஆறுவதையும் மெருகேற்றிய பாத்திரம் சூட்டைக் காப்பதையும் சோதித்துக் கதிர்வீச்சை ஆராய்ந்த அவர், வெண்ணிறம் உடல் வெப்பத்தைக் காக்கும் என்று நம்பி, பனிக்காலத்திலும் வெள்ளுடை உடுத்தி நடந்து நகரத்தாரின் நகைப்புக்கு ஆளானார். 1814 ஆகஸ்ட் 21 அன்று பாரிஸ் அருகே ஓத்தேயில், பெரும்பாலும் தனிமையில், மறைந்தார்.

பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் செயலர் கியூவியே நிகழ்த்திய நினைவுரையில் ஒரு கூரிய மதிப்பீடு உண்டு. மனிதகுலத்துக்கு இத்தனை நன்மை செய்த இவர் மனிதர்களை நேசித்ததாகவோ மதித்ததாகவோ தெரியவில்லை என்பதே அதன் சாரம். ஏழைகளை ஓர் இயந்திரத்தைச் சீர்செய்வதுபோலச் சீர்செய்ய அவர் முயன்றார். எவ்வளவு பார்லி, எத்தனை கட்டு விறகு, எத்தனை கரண்டி சூப் என்ற கணக்கு துல்லியமாக இருந்தது. சூப்பிலுள்ள நீரே உணவாக மாறிவிடுகிறது என்றும் அவர் நம்பினார். அது உண்மையன்று, வயிறு நிறைந்ததே தவிரச் சத்து கூடவில்லை.

அவர் விடை காணாத கேள்வி இங்கேதான் எழுகிறது. விளைச்சல் பொய்த்துத் தானிய விலை ஏறிய ஆண்டுகளில் லண்டனிலும் பிற நகரங்களிலும் ரம்ஃபோர்டு முறையில் கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. பல உயிர்கள் பிழைத்தன. ஆனால், மால்தஸ் தம் மக்கள்தொகை நூலின் பிற்காலப் பதிப்பில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். பொது நிறுவனங்களுக்கும் பஞ்ச காலத்துக்கும் இந்த மலிவு உணவு சிறந்ததே. ஆனால், உழைப்பாளரின் அன்றாட உணவாக அது ஆகிவிட்டால், கூலியும் அதன் அளவுக்கே இறங்கிவிடும் என்றார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1867இல் வெளிவந்த மூலதனம் நூலில் மார்க்ஸ் அதே ரம்ஃபோர்டின் சமையல் குறிப்பை எடுத்துக்காட்டி, உழைப்பாளியின் உணவை மலிவாக்கிக் கூலியைக் குறைக்கும் வித்தை இது என்று கடுமையாகச் சாடினார்.

மால்தஸும் மார்க்ஸும் எதிரெதிர்த் துருவங்கள். மார்க்ஸ் மால்தஸை வெறுத்தவர். அவ்விருவரும் ஒரு செய்தியில் உடன்படுகிறார்கள் என்றால் நாம் சற்று நின்று கேட்க வேண்டும். திறன் கூடினால் செலவு குறையும். குறைந்த செலவின் மிச்சம் யாரைச் சேரும்? உழைப்பாளி வீட்டில் விறகு மிச்சமானால், அந்தப் பணத்தில் அவர் பிள்ளைக்குப் பால் வாங்கலாம். அல்லது, அவருக்கு இனி அவ்வளவு கூலி தேவையில்லை என்று முதலாளி முடிவு செய்யலாம். அடுப்பு ஒன்றேதான், வெப்ப விதியும் ஒன்றேதான். மிச்சத்தின் போக்கைத் தீர்மானிப்பது இயற்பியல் அன்று. பேரம் பேசும் வலிமை.

என் கணிப்பில் ரம்ஃபோர்டின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. அவர் ஏழைகளைக் கேட்டுத் திட்டம் தீட்டவில்லை. ஆனால், அவருடைய அடுப்பைக் குறைகூற எவராலும் இயலாது. வீணாகும் விறகு ஒருவருக்கும் பயனில்லாத இழப்பு. அதைத் தடுத்தவர், பகிர்ந்துகொள்ள ஒரு மிச்சத்தையாவது உண்டாக்கித் தந்தார். பகிர்வதில் நேர்ந்த தவறுக்கு அடுப்பைப் பழிக்கலாகாது. பகிர்வதற்கான விதிகளை நாம்தான் செய்ய வேண்டும்.

இந்தக் கேள்வி பழங்கதையன்று. இன்று நம் நகரங்களில் குளிர்சாதனக் கருவிகள் பெருகுகின்றன. அவை வெப்பத்தை அழிப்பதில்லை. அறையிலிருந்து எடுத்துத் தெருவில் கொட்டுகின்றன. கருவியை இயக்கும் மின்சாரமும் இறுதியில் வெப்பமாகி அதே தெருவில்தான் சேர்கிறது. அந்தத் தெருவில் நடைபாதை வணிகர் நிற்கிறார். தூய்மைப் பணியாளர் குப்பை அள்ளுகிறார். அவர் மாலையில் திரும்பும் வீட்டின் கூரை தகரமாகவோ கல்நாராகவோ இருக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய அந்தக் கூரை இரவில் அவர்மீது வெப்பத்தைக் கதிர்வீசுகிறது. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்னும் மூன்று வழிகளிலும் வெப்பம் வலியவரிடமிருந்து எளியவரை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. இதில் இயற்கையின் விதி பாதி. நம் ஏற்பாடு மறுபாதி.

கூரைக்கு வெள்ளை பூசுவதும், கூரைக்கடியில் காற்று சிறைப்படும் ஓர் அடுக்கை அமைப்பதும், புகைபோக்கியுள்ள நல்ல அடுப்பைச் சமையலறையில் கட்டுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் செயல்கள் அல்ல. ரம்ஃபோர்டு இன்று இருந்தால் இவற்றைத்தான் முதலில் கணக்குப் போட்டிருப்பார். அந்தக் கணக்கு நமக்கு வேண்டும். அத்துடன், அவர் போடாத இன்னொரு கணக்கும் வேண்டும். அந்த வீட்டில் வாழ்பவரிடம் அவருக்கு எது தேவை என்று கேட்பதும், மிச்சமாகும் பணமும் நேரமும் அவரிடமே தங்கும்படி பார்த்துக்கொள்வதும் அது. அரசின் திட்டங்களில் முதல் கணக்குக்கு வல்லுநர் குழுக்கள் இருக்கின்றன. இரண்டாவது கணக்கைக் கேட்டுப் பெறும் பொறுப்பு குடிமக்களாகிய நம்முடையது.